இருட்டை மேடையேற்றும் மெட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த இசையைப் பற்றிய பக்கம் இது?

கனத்த கிட்டார் ஒலி கொண்ட ராக் இசையான ஹெவி மெட்டலின் ஒரு கிளையைப் பற்றியது. சூனியம், சாத்தான், ஆவி, சபிக்கப்பட்ட மாளிகை என்று இதன் பாடுபொருள் முழுக்க இருட்டுப் பக்கம்தான். பல குழுக்களில் பாடகர் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, ஒரு பாத்திரமாகவே மேடைக்கு வருவார். பிளாக் சப்பாத், மெர்சிஃபுல் ஃபேட், கிங் டயமண்ட், கோஸ்ட் ஆகியவை இதில் முக்கியமான பெயர்கள். அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரின் இசையைக் கறாராக மெட்டல் என்று சொல்ல முடியாது. ஆனால் 1970-களில் கில்லட்டினை மேடையில் நிறுத்தித் தன் தலையை ‘வெட்டவைத்த’ அவர் இல்லாமல் இந்தக் கிளை வளர்ந்திருக்காது.

இதில் அப்படி என்னதான் ஈர்ப்பு?

பிளாக் சப்பாத்தின் பெயர் வந்த கதையிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் நான்கு இளைஞர்கள் ‘எர்த்’ என்ற பெயரில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரில் இருந்த திரையரங்கில் ஒரு பேய்ப்படம் ஓட, அதற்கு நீண்ட வரிசை நின்றது. காசு கொடுத்துப் பயப்பட இத்தனை பேர் வருகிறார்களே, அந்தப் பயத்தை இசையில் கொடுத்தால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியது. மரியோ பாவா இயக்கிய 1963-ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் ஆங்கிலத் தலைப்பையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

மீதிப் பாதியை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன். சாவு, தண்டனை, பாவம், கைவிடப்படுதல் ஆகியவற்றைப் பற்றிய பயம் எல்லோருக்குள்ளும் உண்டு. அன்றாடப் பேச்சில் அதற்கு இடமில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ‘நல்லதையே நினை’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். இந்த இசை அந்தப் பயத்துக்கு உருவமும் உடையும் குரலும் கொடுத்து, விளக்கைப் போட்டு நடுமேடையில் நிறுத்துகிறது. ஆயிரம் பேர் கூடி அதைப் பார்த்துச் சேர்ந்து பாடுகிறார்கள். தனியாக இருக்கும்போது நெஞ்சை அழுத்துகிற ஒன்று, கூட்டத்தில் தாளத்தோடு வரும்போது தாங்கக்கூடியதாகிவிடுகிறது. மேடைக்கு ஒரு விளிம்பு இருப்பதால்தான் இது சாத்தியம். அந்த விளிம்பைப் பற்றிக் கீழே இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

எங்கே, எப்போது தொடங்கியது?

பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. வெள்ளிக்கிழமை, 13-ஆம் தேதி. இந்த இசையின் பிறந்தநாளாகப் பெரும்பாலோர் அதைத்தான் சொல்வார்கள்.

அதற்கு முன்னோடிகளும் உண்டு. ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ் 1950-களிலேயே மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடினார். 1968-இல் ஆர்தர் பிரவுன் தலையில் தீ எரியும் கவசத்தோடு பாடினார். 1969-இல் அமெரிக்காவின் ‘கோவன்’ குழு ஆல்பத்தின் முடிவில் சாத்தானுக்கான ஒரு கறுப்புப் பூசையையே பதிவு செய்து வைத்தது. ஆனால் கோவனின் இசை அந்தக் காலத்து ராக் பாணியைத் தாண்டவில்லை. வார்த்தையில் மட்டும் இருந்த இருட்டை ஒலிக்குள் கொண்டுவந்தவர்கள் பர்மிங்ஹாம்காரர்கள்தான்.

அந்த ஆல்பத்தின் முதல் பாடலைக் கொஞ்சம் கிட்டே போய்க் கேட்கலாம். மழை பெய்கிறது. தூரத்தில் தேவாலய மணி. இடி. பிறகு எச்சரிக்கை இல்லாமல் கிட்டார் இறங்குகிறது: மூன்றே சுரம், அதுவும் மிக மெதுவாக. இரண்டு சுரத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பயம் உட்கார்ந்திருக்கிறது. தன் முன்னால் ஒரு கறுத்த உருவம் நின்று தன்னைப் பார்த்து விரல் நீட்டுவதாக ஆஸி ஆஸ்பர்ன் பாடுகிறார். கவனித்துக் கேட்டால், அது சாத்தானைப் புகழும் பாட்டே இல்லை. பயந்துபோன மனிதன் ஒருவன் கடவுளிடம் உதவி கேட்டுக் கதறும் பாட்டு.

அந்த ஒலியின் கனத்துக்குப் பின்னால் ஒரு விபத்தும் இருக்கிறது. கிட்டார் வாசித்த டோனி அயோமி 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே வேலையின் கடைசி நாளில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. இடக்கை வாசிப்புக்காரரான அவர் தந்தியை அழுத்துவது அந்த வலக்கையால்தான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, வலி குறைவதற்காக மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்குத் தந்தியை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். ஒலி இன்னும் ஆழத்துக்குப் போனது. இன்று மெட்டல் குழுக்கள் பலவும் சுருதியைத் தாழ்த்தி வாசிக்கும் வழக்கம் அங்கிருந்து பரவியதுதான்.

அந்த மூன்று சுரம் ‘சாத்தானின் இடைவெளி’ என்றும், திருச்சபை அதைத் தடை செய்தது என்றும் சொல்கிறார்களே?

தடை என்பது கட்டுக்கதை. இடைக்காலப் பாடகர்கள் அந்த இடைவெளியை, அதாவது சட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள தூரத்தை, தவிர்த்தது உண்மை. பாடக் கடினமாக இருந்தது, காதுக்கும் இசையவில்லை. அதனால்தான் தவிர்த்தார்களே தவிர, அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ‘இசையில் உள்ள சாத்தான்’ என்ற லத்தீன் தொடர் 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து இசை இலக்கண நூல்களில்தான் தென்படுகிறது.

ஆர்மோனியம் இருந்தால் நீங்களே வாசித்துப் பார்க்கலாம். சட்ஜத்தைப் பிடியுங்கள். மேல் சட்ஜத்துக்குப் போங்கள். அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமத்தில் நின்றுவிடுங்கள். பஞ்சமத்துக்குப் போகவே கூடாது. மெதுவாக நாலைந்து முறை வாசித்தால் பிளாக் சப்பாத்தின் அந்தப் பாட்டு வந்துவிடும்.

கல்யாணியிலும் இதே பிரதி மத்தியமம்தான். அங்கே ஏன் பயம் வரவில்லை? கல்யாணியில் அந்தச் சுரத்துக்குப் போக்கிடம் இருக்கிறது. பஞ்சமத்தில் ஏறி இளைப்பாறுகிறது, காந்தாரத்துக்கு இறங்குகிறது. அயோமி அதை அந்தரத்தில் நிறுத்தி, விரலால் நடுங்கவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். பயம் சுரத்தில் இல்லை. வழி தெரியாமல் நிற்க வைப்பதில் இருக்கிறது. பாஸ் கிட்டார்காரரான கீஸர் பட்லருக்கு ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் ‘செவ்வாய்’ என்ற படைப்பு மிகவும் பிடிக்கும். அதை அவர் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்து கிளைத்ததுதான் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கிட்டார் துணுக்கு, அதாவது ரிஃப்.

முகத்தில் சாயம், முகமூடி, அங்கி எல்லாம் எதற்கு? நல்ல இசைக்கு இது தேவையா?

எல்லாக் குழுவுக்கும் தேவையில்லை. ஆனால் இந்த இசையில் வேடம் அலங்காரமல்ல, அதுவும் ஒரு வாத்தியம்.

கிங் டயமண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன்காரர். 1981-இல் உருவான மெர்சிஃபுல் ஃபேட் குழுவின் பாடகர். கறுப்பு வெள்ளை முகப்பூச்சு, தலையில் தொப்பி, எலும்புகளைச் சிலுவைபோல் கட்டிய மைக் பிடி. பார்த்தவுடன் கண்ணில் படுவது இவ்வளவும். கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். உச்சிக்குப் போகும் கள்ளக்குரல், அடுத்த வரியில் அடித்தொண்டை உறுமல், அதற்கடுத்து ஒரு கிசுகிசுப்பு. ஒரே ஆள் கிழவியாகவும் பிரபுவாகவும் குழந்தையாகவும் மாறி மாறிப் பாடுகிறார். அந்த முகம் இல்லாமல் சாதாரண உடையில் ஒருவர் இப்படிப் பாடினால் கேட்பவர் நெளிவார். வேடம் அந்தக் கூச்சத்தைப் பாடுபவரிடமிருந்தும் கேட்பவரிடமிருந்தும் எடுத்துவிடுகிறது. நம் முன்னால் நிற்பது ஒரு பாத்திரம் என்று ஒப்புக்கொண்டோமானால், அவர் எவ்வளவு தூரம் போனாலும் கூடவே போகலாம்.

1987-இல் அவர் தன் பெயரிலேயே உள்ள குழுவோடு வெளியிட்ட ‘அபிகெயில்’ ஆல்பம் முழுக்க ஒரே கதை. 1845-ஆம் ஆண்டு. ஓர் இளம் தம்பதி பரம்பரைச் சொத்தாகக் கிடைத்த மாளிகைக்குக் குடிவருகிறார்கள். உள்ளே போகாதே என்று ஏழு குதிரைவீரர்கள் தடுக்கிறார்கள். 1777-இல் அந்த வீட்டில் பிரபு ஒருவர் தன் மனைவியை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்ற பழி, இறந்தே பிறந்த குழந்தையின் ஆவியாக அங்கே காத்திருக்கிறது. பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மூச்சில் கேட்க வேண்டிய ஆல்பம் இது. இந்தக் கிளையில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

எல்லா வேடமும் இப்படி வேலை செய்வதில்லை. லிட்டர் கணக்கில் ரத்தத்தைக் கொட்டினாலே பயம் வந்துவிடும் என்று நினைக்கிற குழுக்கள் நிறைய உண்டு. மெட்டு பலவீனமாக இருந்தால் எந்தச் சாயமும் காப்பாற்றாது.

கோஸ்ட் குழுவுக்கு ஏன் இத்தனை வரவேற்பு? அது உண்மையான மெட்டலா?

சுவீடனின் லின்ஷோப்பிங் நகரத்துக் குழு. முதல் ஆல்பம் 2010-இல் வந்தது. பாடகர் மண்டையோட்டு முகமும் போப்பாண்டவர் மகுடமும் அணிந்த ‘பாப்பா எமெரிட்டஸ்’ (இங்கே ‘பாப்பா’ என்றால் போப்). வாத்தியம் வாசிப்பவர்கள் முகமூடி போட்ட பெயரில்லாத பேய்கள். உள்ளே இருப்பது யார் என்று பல ஆண்டுகள் குழு சொல்லவே இல்லை. 2017-இல் முன்னாள் உறுப்பினர்கள் நால்வர் வழக்குத் தொடுத்தபோதுதான் டோபியாஸ் ஃபோர்கே என்ற பெயர் பகிரங்கமானது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ரகசியம் உடைந்ததும் கூட்டம் கலைந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். கூடியது. காரணம், ரசிகர்களைப் பிடித்து வைத்திருந்தது கதை, மர்மம் அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போப் பதவி இறங்குவார், அடுத்தவர் வருவார். 2017-இல் கோத்தன்பர்க் மேடையில் மூன்றாம் பாப்பா பாடிக்கொண்டிருக்கும்போதே கோட்டு போட்ட இருவர் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். மூச்சுவிட ஆக்சிஜன் தேவைப்படும் ஒரு கிழவர் மேடைக்குக் கொண்டுவரப்பட்டார். அடுத்த ஆண்டு கார்டினல் கோபியா என்ற புது ஆள் பொறுப்பேற்றார். பாடும் பாத்திரங்கள் எல்லாம் ஃபோர்கேதான் என்று அரங்கத்துக்கே தெரியும். தெரிந்தும் பழைய பாப்பாவுக்காக வருத்தப்பட்டார்கள். நாடகம் என்றால் அதுதானே!

‘உண்மையான மெட்டலா’ என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. மெட்டுகள் 1970-களின் பாப் பாடல்களைப் போல இனிமையானவை. சொல்வது சாத்தானைப் பற்றி. அந்த முரண்தான் அவர்களின் கலை. 2016-இல் சிறந்த மெட்டல் நிகழ்த்துகைக்கான கிராமி விருது அவர்களுக்குக் கிடைத்தது. 2025-இல் வந்த ஆல்பம் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. அதே ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் பார்வையாளர்களின் கைபேசிகளைப் பூட்டிய பைகளில் வைக்கச் சொன்னார்கள். திரை வெளிச்சம் இல்லாத அரங்கில் சடங்கு சடங்காக நிற்கும் என்பதால் அந்த முடிவை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இவர்கள் நிஜமாகவே சாத்தானை வழிபடுகிறார்களா?

மிகப் பெரும்பாலோர் இல்லை. கிங் டயமண்ட் ஆன்டன் லவேயின் கருத்துகளோடு தனக்கு உடன்பாடு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் லவே 1966-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சாத்தான் சபையில் சாத்தான் என்பது வழிபடும் தெய்வம் அல்ல. தனிமனித விருப்பத்துக்கும் அடங்காமைக்கும் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

பிளாக் சப்பாத் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். முதல் ஆல்பத்தின் உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவை இருந்தது. அதை வைத்தது இசைத்தட்டு நிறுவனம். குழுவைக் கேட்கக்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு விசித்திரமான ஆட்கள் தேடி வரத் தொடங்கியதும், ஆஸியின் அப்பா நால்வருக்கும் உலோகச் சிலுவை செய்து கொடுத்தார். அந்தக் காலப் படங்களில் அவர்கள் கழுத்தில் தொங்குவது அலங்காரமில்லை, காப்பு.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவர். இதைக் கேட்கலாமா?

கேட்கலாம். பிளாக் சப்பாத்தின் பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதிய கீஸர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1971 ஆல்பத்தில் கடவுளை நம்பச் சொல்லியே ஒரு பாட்டு உண்டு. ஆலிஸ் கூப்பர் தன்னைக் கிறிஸ்தவர் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். ஸ்லேயர் குழுவின் பாடகர் டாம் அராயா கத்தோலிக்கர்.

இந்த இசை முழுக்கத் தேவாலயத்தின் மொழியில்தான் பேசுகிறது. ஆர்கன், கூட்டுப்பாடல், லத்தீன், அங்கி, தூபம். பக்தியின் கம்பீரம் உறைக்காதவருக்கு அதைத் தலைகீழாக்குவதன் அதிர்ச்சியும் உறைக்காது. அந்த வகையில் நம்பிக்கை உள்ளவருக்கு இது இன்னும் கூர்மையாகவே கேட்கும். ஏதாவது ஒரு பாட்டு மனத்தை உறுத்தினால் அதைத் தாண்டிப் போங்கள். எல்லாவற்றையும் கேட்டாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இந்த இசை இளைஞர்களைக் கெடுக்கிறது, குற்றத்துக்குத் தூண்டுகிறது என்பது உண்மையா?

நேராகச் சொல்ல வேண்டிய கேள்வி. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பீதி. 1985-இல் அமெரிக்காவில் பெற்றோர் அமைப்பு ஒன்று ஆபத்தானவை என்று 15 பாடல்களைப் பட்டியலிட்டது. சூனியம் என்ற காரணத்துக்காக மெர்சிஃபுல் ஃபேட், வெனம் குழுக்களின் பாடல்கள் அதில் இடம்பெற்றன. அந்த ஆண்டு செப்டம்பரில் செனட்டில் விசாரணையே நடந்தது. ஆல்பங்களின் மேல் பெற்றோர் எச்சரிக்கை வில்லை வந்தது அதன் பிறகுதான். 1990-இல் நெவாடா மாநிலத்தில் ஜூடாஸ் பிரீஸ்ட் மீது வழக்கு நடந்தது. பாட்டில் ஒளிந்திருந்த ரகசியக் கட்டளைதான் இரண்டு இளைஞர்களைத் தற்கொலை முயற்சிக்குத் தள்ளியது என்பது குற்றச்சாட்டு. நீதிபதி அதை ஏற்கவில்லை. 1994-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் மூன்று இளைஞர்கள் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்கள் கறுப்பு உடை அணிந்ததும் மெட்டல் கேட்டதும்கூட அந்த வழக்கில் அவர்களுக்கு எதிராகப் பேசப்பட்டன. 18 ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு 2011-இல்தான் வெளியே வந்தார்கள். இசை கெடுத்த கதையைவிட, இசையைக் கண்ட பயம் கெடுத்த கதை எனக்கு அதிகமாகக் கண்ணில் படுகிறது.

இரண்டாவது, நிஜக் குற்றம். நார்வேயில் 1992 ஜூன் 6 அன்று பர்கன் அருகே உள்ள ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிந்தன. 1993-இல், மெட்டலின் தீவிரக் கிளையான பிளாக் மெட்டலைச் சேர்ந்த மேஹெம் குழுவின் கிட்டார்காரர் கொல்லப்பட்டார். கொலைக்கும் சில தேவாலய எரிப்புகளுக்கும் தண்டனை பெற்றவர் இன்னொரு பிளாக் மெட்டல் இசைக்கலைஞரான வர்க் விக்கர்னெஸ். இதை மழுப்பக் கூடாது. ரசிகர்களில் சிலர் இந்தச் சம்பவங்களை வீரக்கதைபோலப் பேசுகிறார்கள். அது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மேலே விளிம்பு என்று சொன்னேன் அல்லவா? நாடகம் போதாது, நிஜத்தில் செய்துகாட்டினால்தான் நேர்மை என்று அந்தச் சிறு வட்டம் நம்பத் தொடங்கியபோது விளிம்பு போய்விட்டது. அதன் பின் நடந்தது கலையின் கணக்கில் வராது. உயிர்கள் போயின, நூற்றாண்டுகள் பழமையான கட்டடங்கள் சாம்பலாயின. அவ்வளவுதான்.

என் பிள்ளை இதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். கவலைப்பட வேண்டுமா?

கேட்பதை வைத்துக் கவலைப்பட வேண்டாம். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள், படிப்பு ஆகியவற்றில் திடீர் மாற்றம் இருந்தால் அதைக் கவனியுங்கள். எந்த இசை கேட்கும் பிள்ளைக்கும் அது பொருந்தும். உங்களுக்கும் ஒரு பாட்டைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். எது பிடித்திருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். பிடித்ததைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காத வயது அது. கிடைத்தால் மணிக்கணக்கில் பேசுவான்.

கொம்பு முத்திரை எங்கிருந்து வந்தது?

ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டும் அந்த முத்திரையை மெட்டல் உலகம் முழுக்கப் பரப்பியவர் ரோனி ஜேம்ஸ் டியோ. 1979-இல் ஆஸிக்குப் பதிலாக பிளாக் சப்பாத்துக்கு வந்தவர். கண்ணேறு படாமல் இருக்கத் தன் இத்தாலியப் பாட்டி காட்டும் சைகை அது என்று சொல்வார். அவருக்கு முன்பே 1969-இல் கோவன் குழுவினர் ஆல்பம் அட்டையில் அதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் டியோ காட்டிய பிறகுதான் அரங்கமே திருப்பிக் காட்டியது.

பாட்டு வரிகள் புரியாவிட்டால் பரவாயில்லையா?

கோஸ்ட், பிளாக் சப்பாத் இரண்டும் தெளிவாகவே பாடும். கிங் டயமண்டுக்கு வரிகள் கட்டாயம் வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

பழைய ஒலி பிடிக்கும் என்றால் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம். இனிமையான மெட்டு வேண்டும் என்றால் கோஸ்டின் 2015 ஆல்பமான ‘மெலியோரா’. நிதானமும் கனமும் வேண்டும் என்றால் சுவீடனின் கேண்டில்மாஸ் குழு 1986-இல் வெளியிட்ட முதல் ஆல்பம். அதன் முதல் பாட்டில் ஓர் ஆள் தனியாகச் சாகக் காத்திருக்கிறான். அவ்வளவு துயரத்திலும் அவ்வளவு அழகான மெட்டு.

கிங் டயமண்டிடம் முதல் நாளே போகாதீர்கள். அந்தக் கள்ளக்குரல் பழகாத காதைத் துரத்திவிடும். மெர்சிஃபுல் ஃபேட்டின் 1983 ஆல்பமான ‘மெலிசா’வில் இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுவதை முதலில் ரசிக்கப் பழகுங்கள். குரல் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு, ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாத இரவாகப் பார்த்து ‘அபிகெயில்’ போடுங்கள்.